பனி விலகட்டும், போவோம்

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வண்டி வருவதாக ஏற்பாடு. பெட்டிகளை முந்தின இரவே கட்டி வாசலருகே நிறுத்திவிட்டோம். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் போய் உட்காரும் ஆள் என் கணவர். கல்யாணமாகி முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் தாமதித்து நான் பார்த்ததில்லை. அன்றும் ஆறரைக்கெல்லாம் குளித்து, சட்டை போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

வெளியே ஊரைக் காணோம். எதிர்வீட்டுச் செங்குத்தான கூரை, தெருவோரப் பனைகள், அதற்கப்பால் இருக்க வேண்டிய கடல் எல்லாம் வெள்ளைக்குள் மறைந்திருந்தன. அலைச் சத்தம் மட்டும், பக்கத்து அறையில் யாரோ அரிசி புடைப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஏம்மா, இன்னைக்கும் இங்கன இருந்துட்டுப் போவமா?” என்றார்.

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. “வண்டிக்காரர்கிட்ட என்னங்க சொல்றது?” என்றேன்.

“பனி விலகட்டும், போவோம்னு சொல்லு.”

பனி பதினோரு மணிக்கு விலகியது. நாங்கள் கிளம்பியது அதற்கும் நான்கு நாள் கழித்து.

ஊரின் பெயர் ஸ்வாகோப்முண்ட். நமீபியா நாட்டின் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. ஸ்வாகோப் என்ற ஆற்றின் முகத்துவாரம் என்று அந்த ஜெர்மன் பெயருக்குப் பொருள். ஆற்றைத் தேடிப் போனால் அகன்ற மணல்தான் கிடக்கிறது. உள்நாட்டு மலைகளில் நல்ல மழை பெய்யும் ஆண்டில் மட்டுமே தண்ணீர் கடல்வரை வந்து சேருமாம். மேற்கே கடல். மற்ற மூன்று பக்கமும் நமீப், உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று. தலைநகர் வின்ட்ஹூக்கிலிருந்து சுமார் 360 கிலோமீட்டர் சாலையில் வந்தோம். கடைசிப் பகுதியில் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வண்டிக்குள் வெக்கை தாங்காமல் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். ஊருக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது போலச் சில்லென்று காற்று வந்தது. அரை மணி நேரத்தில் ஸ்வெட்டரைத் தேடிப் பெட்டியைக் குடைந்தேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் நான். பாடம் சொல்லும் பழக்கம் போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே போகிறது பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம். ஆழத்துத் தண்ணீரும் கரையோரமாக மேலே பொங்கி வந்து அந்தக் குளிரைக் கூட்டுகிறது. கடல்மேல் வரும் காற்று அதைத் தொட்டுக் குளிர்ந்து, கனத்து, கீழேயே படுத்துவிடும். காற்று மேலே எழும்பினால்தானே மேகம் கட்டும், மழை பெய்யும்? அதனால் இங்கே ஆண்டு முழுவதற்குமான மழை 20 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. நம்மூரில் ஒரு மாலைத் தூறல் அவ்வளவு இருக்கும். மழையாக முடியாத அந்த ஈரம் மூடுபனியாகத் திரண்டு, ஆண்டில் நூறு நாளுக்கு மேல் கரையேறி, பாலைவனத்துக்குள் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் நடந்து போகிறது. இந்த வறட்சியைக் கொடுத்ததில் கடலுக்குப் பெரும்பங்கு. இந்தப் பாலைக்குச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கக் கொடுப்பதும் அதே கடல்தான்.

அந்தச் சொட்டை நம்பி உயிர்கள் வாழ்கின்றன. பனி வரும் விடியலில், மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும் கருவண்டு ஒன்று உண்டு. முதுகில் பனி திரண்டு துளியாகி, வழிந்து வாய்க்கு வரும். அதுதான் அதன் அன்றைய தண்ணீர். படத்தில் நூறு முறை மாணவிகளுக்குக் காட்டியிருக்கிறேன். எங்கள் நடையில் அந்த வண்டு கண்ணில் படவில்லை. ஆனால் இரண்டாம் நாள் காலை கடற்கரையில், என் கணவரின் மூக்குக் கண்ணாடியில் முத்து முத்தாகப் பனி திரண்டு கன்னத்தில் வழிந்தபோது எனக்கு அதன் ஞாபகம்தான் வந்தது.

பாலைக்குப் பிரிவையும் நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வைத்தார்கள் நம் முன்னோர். எங்கள் இல்லறத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. அவர் தூர்வாரும் கப்பலில் இன்ஜினியர். விசாகப்பட்டினம், ஹால்தியா, கொச்சி, தூத்துக்குடி என்று எந்தத் துறைமுகத்தில் மணல் சேர்ந்தாலும் அங்கே போக வேண்டும். போனால் மூன்று மாதம், சில சமயம் ஐந்து. நான் பாளையங்கோட்டையில் கல்லூரி, பிள்ளைகள், மாமியார் என்று இருந்தேன். முதலில் கடிதம், பிறகு எஸ்.டி.டி பூத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் ஐந்து நிமிடம், அப்புறம் செல்போன். லீவில் வந்தால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் பேங்குக்குப் போகவும் கல்யாண வீடுகளுக்கு மொய் எழுதவும் நாள் சரியாக இருக்கும். முப்பத்தாறு ஆண்டு தாம்பத்தியத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களை மட்டும் கூட்டினால் பாதிகூடத் தேறாது.

ஓய்வு பெற்ற பிறகு, கேப் டவுனில் தொடங்கி நமீபியா வழியாக எட்டோஷா காட்டுக்குப் போகிற பயணத்துக்குப் பணம் கட்டினோம். அதில் ஸ்வாகோப்முண்ட் இரண்டு இரவுகள் மட்டும் தங்கிப் போகும் ஊர். பாலையும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த இடத்தில்தான், எங்களுக்கு விட்டுப்போன நாட்களில் ஆறு திரும்பக் கிடைத்தன. சங்கப் பாடல்களில் பாலை வழியே உடன்போக்குப் போகிற இளையவர்கள் வருவார்கள். எங்களுக்கு அது அறுபதைத் தாண்டி வாய்த்தது.

மணல் விழுங்கிய துறைமுகம்

ஊருக்குள் நடந்தால் ஆப்பிரிக்கா என்று நம்புவது கடினம். மரச்சட்டம் போட்ட சுவர்கள், கூர்கோபுரங்கள், ஜெர்மன் எழுத்துகளில் தெருப்பெயர்கள். பேக்கரியில் காலை ஆறு மணிக்கே பன் வாசனை. 1901-இல் கட்டிய ரயில் நிலையம் இன்று ஹோட்டலாக இருக்கிறது. 1892-இல் ஜெர்மானியர்கள் இங்கே ஊர் அமைத்ததற்கு ஊரின் அழகு காரணமில்லை. முப்பது கிலோமீட்டர் தெற்கே வால்விஸ் விரிகுடாவில் இயற்கையே கட்டிக்கொடுத்த அருமையான துறைமுகம் உண்டு. அதை ஆங்கிலேயர் முன்பே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அலையடிக்கும் இந்தத் திறந்த கரையில் சொந்தத் துறைமுகம் கட்டப் பார்த்தார்கள்.

1899-இல் தொடங்கி 1903 வரை கட்டிய அந்தக் கல்லணை இன்னும் இருக்கிறது. ‘மோல்’ என்கிறார்கள். கடலுக்குள் சுமார் 375 மீட்டர் போய் வளைந்து நிற்கிறது. அதன் உட்பக்கம் கப்பல் நிற்க வேண்டிய இடத்தில் மணற்கரை. குழந்தைகள் வாளியும் கையுமாக வீடு கட்டி விளையாடுகின்றன. கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே மணல் வந்து மூடிவிட்டது.

நான் கண்ட அழகான காட்சிகளில் ஒன்று, முப்பத்துநான்கு ஆண்டுகள் துறைமுகங்களில் மணல் அள்ளிய மனிதர் அந்தக் கல்லணைமேல் நின்றது. அரை மணி நேரம் பேச்சே இல்லை. குனிந்து அலையின் சாய்வைப் பார்த்தார், தெற்கே பார்த்தார், வடக்கே பார்த்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

“இங்க பாரு. காத்து தெக்க இருந்து அடிக்கி. அலை கரையில நேரா வந்து மோதாம சாஞ்சு மோதுது. ஒவ்வொரு மோதலுக்கும் மணல் கொஞ்சம் வடக்க நகரும். ராத்திரி பகல் ஓயாது. கரையோரமா மணல் ஆறுன்னு வச்சுக்க. ஆத்துக்குக் குறுக்க கல்லைப் போட்டா என்ன ஆகும்?”

சென்னையிலும் இதுதான் நடந்தது என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் அங்கே தட்டி நின்று மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்ற எத்தனையோ மாலைகளில் இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“வருஷா வருஷம் அள்ளிக் கொட்டிட்டு, மறுவருஷம் போனா அங்கனயே கெடக்குமே. உங்களுக்குச் சலிக்காதா?” என்று அன்றுதான் கேட்டேன்.

சற்று யோசித்தார். “சலிச்சா கப்பல் எப்படி உள்ள வரும்?”

அவர் தொழிலைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது என்பது அறைக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. சம்பளம் எப்போது வரும், லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறேன். அந்த வேலை உள்ளே எப்படி இருக்கிறது என்று கேட்டதே இல்லை.

கல்லணை கைவிட்ட பிறகு மரப்பாலம் கட்டினார்கள். 1912-இல் இரும்புப்பாலம் தொடங்கினார்கள், முதல் உலகப்போர் வந்து பாதியில் நின்றது. பாதிப்பாலம் இன்று மாலை நடைக்கு ஏற்ற இடம். நுனியில் நின்றால் பலகை இடுக்கு வழியே காலுக்குக் கீழே அலை நுரைப்பது தெரியும். அந்தப் பாலங்களுக்கு முன்பு கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் சிறு படகுகளில் ஏற்றி அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கூலிக்கு வந்த குரு இனத்து மனிதர்கள். அவர்களுக்கு அந்த ஊரில் ஒரு சிலை இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

கத்தாளைக் குழம்பு

நாங்கள் எடுத்திருந்தது அடுப்படியோடு கூடிய இரண்டு அறை. தங்குவது நீண்டதும் முதல் வேலையாக மீன் வாங்கினோம். கரை நெடுகிலும் ஆட்கள் ஆளுயரத்துக்கு இருமடங்கு நீளத் தூண்டிலை நட்டுவைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ‘கபெல்யூ’ என்கிற மீனை. கடையில் துண்டு போட்டுக் கிடந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் கணவர், “கத்தாளை மாதிரில்லா இருக்கு” என்றார். சரிதான். கத்தாளைக் குடும்பத்து மீன்தான் அது. பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுவந்த புளியும் மிளகாய்த்தூளும் இருந்தன. சின்ன வெங்காயம் கிடைக்காமல் பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கினேன். குளிர்ந்த கடல் மீனுக்குச் சதை கெட்டி, குழம்பில் உடையாமல் நின்றது. வாசனை மாடிப்படி இறங்கிப் போய் வீட்டுக்கார அம்மாளை மேலே அழைத்து வந்தது. எண்பதை நெருங்கிய பெண்மணி. ஒரு கிண்ணம் வாங்கிப் போய், மறுநாள் கிண்ணத்தோடு ஒரு கட்டு ஆஸ்பராகஸ் தண்டு கொடுத்தார். ஸ்வாகோப் ஆற்றோரத் தோட்டங்களில் விளைந்ததாம். நம்மூர் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு நெருங்கிய சொந்தம் இது என்று அவருக்கு விளக்கினேன். பாலைவனத்தில் விளைந்த ஒன்றுக்கு எங்கள் மொழியில் இருக்கும் பெயரைக் கேட்டு, அதன் பொருளையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினார்.

கலங்கரை விளக்கத்துக்கு அருகே கைவினைப் பொருள் விற்கிறார்கள். ஒரு பையன் என் கையில் உருண்டையான பழுப்புக் கொட்டையைத் திணித்தான். மக்கலானிப் பனையின் கொட்டை. உள்ளே தந்தம் போல வெளுத்த, கடினமான பருப்பு. ஓட்டைச் செதுக்கி யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைகிறார்கள். மக்கலானி நம் பனைமரத்தின் கிளைக்குடும்பம். நெல்லைச் சீமையில் பிறந்தவள், ஆப்பிரிக்கக் கரையில் பனங்கொட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு விலை பேசவா முடியும்? கேட்டதைக் கொடுத்தேன். பக்கத்தில் ஹெரேரோ இனத்துப் பெண்கள் தங்களைப் போலவே உடுத்திய துணிப் பொம்மைகளை விற்றார்கள். தரை தொடும் கவுன், மாட்டுக் கொம்பு போல இருபுறமும் நீண்ட தலைத்துணி. மாடு அவர்களுக்குச் செல்வம், தெய்வம், வம்சம் எல்லாம். ஒரு பொம்மை வாங்கினேன்.

அந்தப் பொம்மையைக் கையில் வைத்திருந்தவளுக்கு மறுநாள் பார்த்ததைத் தாங்க முடியவில்லை.

ஊரின் ஓரத்தில், பாலைவனம் தொடங்கும் இடத்தில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜெர்மானியர் பகுதியில் பளிங்குக் கற்கள், பெயர்கள், தேதிகள், தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். அதைத் தாண்டினால் வெறும் மணல். மணலில் சிறு சிறு மேடுகள், கண்ணுக்கு எட்டும் வரை. சிலவற்றைச் சுற்றிக் கற்கள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் அதுவும் இல்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு நினைவுக்கல் ஒன்றைப் பார்த்தோம்.

1904 ஜனவரியில், தங்கள் நிலமும் மாடுகளும் பறிபோவதைப் பொறுக்காமல் ஹெரேரோ மக்கள் ஜெர்மானிய ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். அந்த ஆண்டே நாமா மக்களும் எழுந்தார்கள். ஜெர்மானியப் படைத்தலைவர் லோத்தர் ஃபொன் ட்ரோதா 1904 அக்டோபரில், ஹெரேரோக்களை நாட்டின் எல்லைக்குள் எங்கே கண்டாலும் சுட ஆணையிட்டார். தண்ணீரில்லாத கிழக்குப் பாலைக்குள் குடும்பம் குடும்பமாக விரட்டினார்கள். தப்பியவர்களைப் பிடித்துத் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். அந்த முகாம்களில் ஒன்று இந்த ஸ்வாகோப்முண்டில் இருந்தது. எங்களுக்கு இன்பமாக இருந்த இதே பனியில், இதே குளிர் காற்றில், போதிய உடையும் உணவும் இல்லாமல் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் துறைமுகத்தில் சுமை இழுத்தார்கள், ரயில் பாதைக்கு மண் சுமந்தார்கள், செத்து விழுந்தார்கள். 1908-க்குள் ஹெரேரோ மக்களில் பெரும்பகுதியினரும் நாமா மக்களில் பாதிப் பேர் அளவுக்கும் இறந்துபோனதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை என்று இதைச் சொல்கிறார்கள்.

2021 மே 28 அன்று ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. முப்பது ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. தங்களோடு நேராகப் பேசாமல் எடுத்த முடிவு என்று ஹெரேரோ, நாமா வழித்தோன்றல்கள் பலர் அதை ஏற்கவில்லை. 2025 முதல் நமீபியா மே 28-ஐத் தேசிய நினைவு நாளாக அனுசரிக்கிறது. ஆனால் ஊரின் நடுவே, கலங்கரை விளக்கத்தை அடுத்து, அந்தப் போரில் இறந்த ஜெர்மானியக் கடற்படை வீரர்களுக்கு வைத்த சிலை அப்படியே நிற்கிறது. அதன் நிழலில் நாங்கள் இரண்டு நாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருந்தோம்.

என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டார். நானும் கழற்றினேன். மேடுகளுக்கு நடுவே எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஓரத்திலேயே நின்றோம். அழகான ஊரில் ஓய்வாக இருந்தோம் என்று எழுத உட்கார்ந்தபோது, இதை எழுதாமல் விட்டால் எழுதிய எல்லாமே பொய்யாகிவிடும் என்று தோன்றியது. அங்கே போகிறவர்கள் கடற்கரைக்கு முன்பு அந்த மணல்மேடுகளுக்குப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலை சமையல் செய்யவில்லை. பேக்கரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

ஐந்தாம் நாள் அவருக்காக வடக்கே போனோம். ஹென்டிஸ் பே ஊருக்குச் சற்றுத் தெற்கே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ‘ஸைலா’ என்ற மீன்பிடிக் கப்பல் தரைதட்டி நிற்கிறது. பழைய இரும்புக்காக விலைபேசி, மும்பைக்கு இழுத்துக்கொண்டு போகும்போது வடம் அறுந்து 2008 ஆகஸ்டில் இங்கே ஒதுங்கிய கப்பல். உடல் முழுக்கத் துரு, மேல்தளம் முழுக்க நீர்க்காகங்கள். “நம்மூருக்கு வந்திருந்தா இந்நேரம் கம்பியாகி எவன் வீட்டுக் காங்கிரீட்லயாவது இருக்கும்” என்றார். கப்பல்களோடு வாழ்ந்தவர், ஒரு கப்பல் பறவைகளுக்கு வீடாகி நிற்பதைப் பார்த்து மனம் நிறைந்து திரும்பினார்.

இரண்டே இலை

ஆறாம் நாள் எனக்காக.

ஜிம்னோஸ்பெர்ம் பாடத்தில் எஃபிட்ரா, நீட்டம், வெல்விட்சியா என்று மூன்றைச் சேர்த்து நடத்துவோம். எஃபிட்ராவுக்கும் நீட்டத்துக்கும் இந்தியாவில் உறவுகள் உண்டு, மாதிரி கிடைக்கும். வெல்விட்சியாவுக்குச் சுவரில் தொங்கும் படம்தான். அங்கோலாவின் தென்பகுதியிலும் நமீபியாவிலும் பரவும் நமீப் பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளராது. குட்டையான கிண்ணம் போன்ற தண்டு. வலமும் இடமும் நாடா போல இரண்டு இலை. முப்பது ஆண்டுகள் பிரம்பால் அந்தப் படத்தைத் தொட்டுக்காட்டிப் பாடம் நடத்தினேன். “மேடம், நீங்க பார்த்திருக்கீங்களா?” என்று ஆண்டுதோறும் ஒரு மாணவியாவது கேட்பாள்.

கூட்டிப்போன வழிகாட்டி ஓவாம்போ இனத்துப் பெண், என் மகளை விட இளையவள். என்னை ‘மேமே’ என்றாள், அம்மா என்று பொருள். அவரை ‘தாத்தே’ என்றாள், அப்பா என்று பொருள். தாத்தா என்றே காதில் விழுந்ததால் அவர் அன்று முழுக்கப் பேரனைத் தூக்கிக்கொண்டவர் போல முகம் மலர்ந்திருந்தார். வழியில் வண்டியை நிறுத்தி, தரையோடு ஒட்டிக் கருகிக் கிடந்த லைக்கன் கூட்டத்தின்மேல் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருள் அவிழ்ந்து பச்சை ஓடியது. இன்னும் மேலே போனால் ஸ்வாகோப் ஆறு அரித்தெடுத்த சாம்பல் நிறப் பள்ளத்தாக்கு. நிலவில் இப்படித்தான் இருக்குமென்று அதற்கு நிலவு நிலம் என்றே பெயர்.

பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சரளைமேல் அது உட்கார்ந்திருந்தது.

1859-இல் அங்கோலாவில் இதை முதலில் கண்டெழுதிய ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் வெல்விட்ச், கொதிக்கும் மணலில் மண்டியிட்டு, தொட்டால் கனவாகிப் போய்விடுமோ என்று அஞ்சி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள். மிகைப்படுத்திய கதை என்றுதான் மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். என் முழங்கால் தானாக மடிந்தது. சரளை குத்தியது அப்புறம்தான் தெரிந்தது.

என் படம் தவறு. இலை இரண்டுதான், ஆனால் காற்றும் வெயிலும் மணலும் கிழித்துக் கிழித்து, அவை நாற்பது ஐம்பது வார்களாகிச் சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நுனியெல்லாம் கருகி உதிர்ந்திருந்தது. அடியில் தண்டை ஒட்டிய இடத்தில் மட்டும் விரலகலத்துக்குப் புதுப்பச்சை. மற்றச் செடிகள் இலை உதிர்த்து இலை விடும். இது முதலில் விட்ட இரண்டையே ஆயுள் முழுக்க அடியிலிருந்து வளர்த்துக்கொண்டே போகும். ஆயுள் என்றால் ஆயிரம் ஆண்டைத் தாண்டியவையும் உண்டு. ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் இதற்குச் ‘சாகமுடியாத இரண்டிலை’ என்று பெயர். 2021-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, சுமார் 8.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலம் வறளத் தொடங்கிய காலத்தில், இதன் மரபணுத் தொகுப்பு முழுதும் இரட்டித்ததாகச் சொல்கிறது. பார்க்க அவலட்சணமான செடி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பாட்டியின் கை இப்படித்தான் இருக்கும்.

“இதுல ஆண் எது, பெண் எது?” என்றார் அவர். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி என்று நான் காரில் சொன்னதை நினைவு வைத்திருக்கிறார். கூம்பு சிறிதாக, கொத்தாக இருந்தால் ஆண், தடித்திருந்தால் பெண் என்று காட்டினேன். பெண் செடியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பூச்சிகள் ஊர்ந்தன. “ஒண்ணுக்கொண்ணு இம்புட்டு தூரத்துல நிக்குதே, மகரந்தம் யாரு கொண்டு போவா?” என்றார். ஈக்கள் என்றேன். அவர் இரண்டு செடிகளுக்கும் நடுவே காலடி எண்ணிக்கொண்டு நடந்து போய்த் திரும்பினார். நாற்பத்தொன்று என்றார்.

பையிலிருந்து நோட்டை எடுத்து வரைய உட்கார்ந்தேன். பதினோரு மணி வெயில். பனி போன சுவடே இல்லை. அவர் தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்து என் தலைக்கும் நோட்டுக்கும் நிழல் வருகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலிக்கும், விடுங்க என்றேன். வரை என்றார். கிழிந்த வார் ஒவ்வொன்றையும், கருகிய நுனி ஒவ்வொன்றையும் வரைந்து, அடியில் அந்தப் புதுப்பச்சையைக் குறித்து, பாகங்களுக்குப் பெயர் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நிழல் அசையவில்லை.

ஏழாம் நாள் காலை ஜன்னல் திரையை விலக்கினால் பனியே இல்லை. கடல் விளிம்புவரை துலக்கமாகத் தெரிந்தது. எட்டு மணிக்கு வண்டி. பெட்டி கட்டியாகவில்லை. அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, “இந்தா வந்துட்டேன்” என்று கடற்கரைக்கு இறங்கிப் போனவர் ஏழே முக்காலுக்குத்தான் திரும்பினார். பேன்ட்டின் அடி நனைந்திருந்தது. முகத்தில் உப்பு. ஷூவுக்குள் பாதிக்கு மணல்.

வாங்கிக் கவிழ்க்கப் போனேன்.

“கொட்டாத,” என்றார். “கெடக்கட்டும்.”